பக்கவாசல் சாவி யாரிடம் இருக்கிறது?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் வாட்ஸ்அப் குழுவில் இதையே மூன்று தடவை சுருக்கமாகப் போட்டோம். மூன்று தடவையும் கும்பிடுகிற கை படம்தான் பதிலாக வந்தது. அதனால் இங்கே விவரமாக எழுதுகிறோம். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. கமிட்டியில் இருப்பவர்களும் நம்ம அண்ணன்மார்தான். தொண்டு செய்கிற எங்களுக்கும் இந்தத் தப்பில் பங்கு இருக்கிறது. அதையும் கீழே சொல்லியிருக்கிறோம்.

போன வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளி ஞாபகம் இருக்கா? வந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மண்டபம் நிறைய கூட்டம். இரண்டாம் பந்தி உட்கார்ந்து விட்டது. பின்னால் சமையல்கட்டில் வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பாயசம் பத்தவில்லை என்று யாரோ கூப்பிட, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி அந்தப் பக்கம் போய்விட்டான். திரும்பி வரும்போது சட்டி முழுக்கத் தீ. ஆள் உயரத்துக்கு எரிகிறது. அவன் பயந்துபோய் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டான். சமையல் அக்கா ஓடி வந்து அவன் கையைத் தட்டிவிட்டு, கேஸை அடைத்து, பெரிய அண்டா மூடியை எடுத்துச் சட்டி மேல் போட்டார். தீ அடங்கியது. அந்த வாளித் தண்ணீர் கொதிக்கிற எண்ணெயில் விழுந்திருந்தால், எண்ணெய் தீயோடு சேர்ந்து நாலா பக்கமும் தெறித்திருக்கும். அந்தத் தம்பிக்கு வயசு பதினேழு.

ஆனால் நாங்கள் எழுத வந்தது அந்தத் தீயைப் பற்றி அல்ல. அதற்கப்புறம் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி.

பரிமாறுகிற வாசல் வழியாகப் புகை மண்டபத்துக்குள் வந்தது. முதலில் யாரும் அசையவில்லை. கோயிலில் புகை வந்தால் யார் பயப்படுவார்கள்? சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மேளம் வேறு. கொஞ்ச நேரம் கழித்து யாரோ "தீ!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து முன்வாசலுக்கு ஓடினார்கள். பக்கத்திலேயே வடக்குப் பக்க வாசல் இருந்தும் அந்தப் பக்கம் பத்துப் பேர்கூடப் போகவில்லை. போன அந்தச் சில பேரும் கேட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கேட்டில் பூட்டு. சாவி பொருளாளர் அண்ணனிடம். பொருளாளர் அண்ணன் வாழை இலை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சாவி அவர் காரில்.

முன்வாசலில் என்ன ஆனது? செருப்புக் குவியல். ஓடி வந்தவர்கள் அங்கே நின்று செருப்பைத் தேடுகிறார்கள்! பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிறார்கள். ஒரு பாட்டி குவியலில் கால் இடறி விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டார். ஐந்து வயசுப் பிள்ளை ஒன்று பத்து நிமிஷம் அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டு நின்றது. அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரத்தில் எல்லாரும் உள்ளே வந்து மூன்றாம் பந்தியும் போட்டோம்.

"அம்மன் காப்பாத்திட்டா" என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னோம். நாங்களும் சொன்னோம். இப்போதும் அதைத்தான் நம்புகிறோம். ஆனால் பக்கவாசலைப் பூட்டினது அம்மன் இல்லையே, நாமதானே.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அன்னதானத் தொண்டு செய்கிற எங்களில் நிறையப் பேர் தொழிற்சாலை ஆட்கள். ஷிப்ட் பார்க்கிறவர்கள், லைன் சூப்பர்வைசர்கள், ஸ்டோர் பார்க்கிறவர்கள். எஸ்.பி.எம். முடித்த கையோடு உள்ளே போய் முப்பது வருஷத்துக்கு மேல் அதே சைரன் சத்தத்தில் வாழ்ந்தவர்கள். பெரிய படிப்பு இல்லை. ஆனால் பயர் டிரில் என்றால் எங்களுக்குத் தெரியும். அது எப்படி நடக்க வேண்டும் என்பதும் தெரியும், உண்மையில் எப்படி நடக்கிறது என்பதும் தெரியும்.

உண்மையில் எப்படி நடக்கிறது? முந்தின நாளே தெரிந்துவிடும். "நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு டிரில், சேஃப்டி ஷூ போட்டுட்டு வாங்க, யாரும் அந்த நேரத்தில் டாய்லெட் போகாதீங்க" என்று சூப்பர்வைசர்களாகிய நாங்களே ஆட்களிடம் சொல்லிவிடுவோம். பத்து மணிக்கு சைரன் அடிக்கும்போது பாதிப் பேர் ஏற்கனவே எழுந்து நிற்பார்கள். நாலு நிமிஷம், நாலரை நிமிஷத்தில் எல்லாரும் வெளியே. பாரத்தில் நேரத்தை எழுதி, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவோம். "தயார் நிலை: மிக நன்று." அந்தப் பாரத்தில் எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.

ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் உண்மையாகவே மின்சாரப் பெட்டி ஒன்று புகைந்து சைரன் அடித்தது. யாரும் எதிர்பார்க்காத சைரன். அன்றைக்குத்தான் எங்கள் தயார் நிலை என்னவென்று பார்த்தோம். ஆட்கள் பக்கத்தில் இருந்த இரண்டு அவசர வாசலைத் தாண்டி, தினமும் கார்டு தட்டுகிற மெயின் வாசலுக்கே போனார்கள். ஒரு நேபாளத் தம்பி பாஸ்போர்ட் லாக்கரில் இருக்கிறது என்று திரும்ப உள்ளே ஓடினான். கூடுகிற இடத்தில் ஆள் எண்ணினால் இரண்டு பேர் குறைகிறது. யார் அந்த இரண்டு பேர் என்று பதினொரு நிமிஷம் அலைந்தோம். அவர்கள் பின்பக்கக் கேண்டீனில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சைரன் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிற அக்காமார் மூன்று பேர் எங்கள் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் உள்ளே மாட்டியிருந்தால்கூட எங்கள் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும். அந்த நினைப்பு இன்றைக்கும் போகவில்லை.

அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான். தீயணைப்புச் சிலிண்டர் எத்தனை, சுவரில் வரைபடம் இருக்கா, சான்றிதழ் இருக்கா என்று எண்ணுவது பொருளை எண்ணுவது. ஒரு இடம் தயாரா இல்லையா என்று பார்க்க வேண்டுமென்றால், எதிர்பாராத நேரத்தில் போய் அங்கே நிற்கிற ஆளிடம் கேட்க வேண்டும். "அண்ணே, இப்ப இங்க தீன்னா நீங்க எந்தப் பக்கம் போவீங்க? அந்தக் கதவு திறக்குமா? சாவி யார்கிட்ட? கேஸ் எங்க அடைக்கணும்? உங்க கூட வேலை செய்றவங்க இப்ப எங்க இருக்காங்க?" இதற்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் தயார். தலையைச் சொறிந்தால் தயார் இல்லை.

சில பேர் கேட்கலாம், அது தொழிற்சாலை, இது கோயில், இரண்டும் ஒன்றா என்று. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்குத்தான் இது வேண்டுதல் இடம். குருக்கள் ஐயா இரண்டு பேருக்கு இது வேலை செய்கிற இடம். சமையல் அக்காவுக்கும் அவர் கூட நிற்கிற இரண்டு பேருக்கும், மேளக்காரர்களுக்கும், பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்கும், ஆபீஸ் பார்க்கிற தங்கச்சிக்கும், ராத்திரி காவல்காரருக்கும் இது வேலை இடம். நம்ம நாட்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. அதில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்கின்றன. முன்னே குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும் இருந்த சட்டம் இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்திருந்தால் பாதுகாப்புக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று முறை வகுத்து வைக்க வேண்டும். வேலை செய்கிறவர் மட்டுமில்லை, அங்கே வந்து போகிறவர்களுக்கும் ஆபத்து வராமல் பார்ப்பது முதலாளி பொறுப்பு. கோயிலில் முதலாளி யார்? அம்மன் என்று சொல்லி ஆபீசரிடம் தப்பிக்க முடியாது. கமிட்டிதான்.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்தால் திரும்பவும் டிக் போடுகிற வேலையாகத்தான் முடியும். அதனால் அதை இதோடு விடுகிறோம்.

கோயிலில் இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1997 ஜூன் மாதம் தஞ்சாவூர் பெரிய கோயில் கும்பாபிஷேக நேரம். யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நம்ம வயசுக்காரர்களுக்கு அந்தச் செய்தி வந்த நாள் ஞாபகம் இருக்கும். ராஜராஜன் கட்டின கருங்கல் கோயில், கல் எரியாது. எரிந்தது விசேஷத்துக்காகப் போட்ட பந்தல். நாமும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் பந்தல் போடுகிறோம். எங்கே போடுகிறோம்? வடக்குப் பக்க வாசலை மறைத்து!

நம்ம ஊரிலேயே 2017 செப்டம்பரில் கோலாலம்பூர் டத்தோ கெராமாட் பகுதியில் ஒரு சமயப் பள்ளித் தங்கும் விடுதி எரிந்தது. 23 பேர் போனார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாருமே பையன்கள். ஜன்னலில் எல்லாம் இரும்புக் கம்பி. வெளியே போகிற வழியைத் தீ அடைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் வேறு சமயம், நம்ம சமயம் வேறு. கம்பி எல்லாருக்கும் ஒரே கம்பிதான். நம்ம மண்டபத்து மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவார வகுப்பு நடக்கிறது. அந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். படிக்கட்டு ஒன்றே ஒன்று. அது இறங்குகிற இடம் சமையல்கட்டுப் பக்கம்.

இப்போது பூட்டு விஷயத்துக்கு வருவோம். வடக்கு வாசலைப் பூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அதை நாங்கள் மறைக்கவில்லை. இரண்டு தடவை உண்டியல் உடைபட்டது. ஒரு தடவை குத்துவிளக்கு போனது. அதற்கப்புறம் பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்கி "பூட்டுங்க" என்று சொன்னவர்களில் நாங்களும் உண்டு. பொருளாளர் அண்ணன் சாவியைத் தன் கையிலேயே வைத்திருப்பது பொறுப்பினால்தான். தொலைந்தால் அவரைத்தான் கேட்போம்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்பில் எங்களுக்கு ஒரு பழைய சம்பவம் சொல்வார்கள். 1911 மார்ச் மாதம், நியூயார்க்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. மாடியில் தையல் வேலை, பெரும்பாலும் இளம்பெண்கள். துணி திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து ஒரு பக்கக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். அந்த முதலாளிகள் பயந்தது என்ன அளவு துணிக்கு? நாம் பயப்படுவது எத்தனை வெள்ளி உண்டியலுக்கு? நூறு வருஷம் தாண்டியும் அதே பூட்டு, அதே காரணம்.

திருடனையும் தடுக்கணும், ஆளும் வெளியே போகணும். இரண்டுக்கும் வழி உண்டு. வெளியிலிருந்து பூட்டினாலும் உள்ளே இருக்கிறவர் சாவி இல்லாமல் கையால் அழுத்தித் திறக்கிற மாதிரி கதவுக் கம்பி இருக்கிறது. ஷாப்பிங் மால் பின்வாசலில் பார்த்திருப்பீர்கள், குறுக்கே ஒரு கம்பி, இடுப்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும். அது வேண்டாம் என்றால் இன்னும் சுலபம்: பூஜை நேரத்திலும் அன்னதான நேரத்திலும், உள்ளே ஜனம் இருக்கும்வரை, அந்தப் பூட்டு கேட்டில் தொங்கக் கூடாது. ஒரு தொண்டர் அங்கே நாற்காலி போட்டு உட்காரட்டும். முறை வைத்து உட்காருகிறோம். இதற்கு ஒரு காசு செலவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அன்னதானம் முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தோம். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பார்த்ததை அப்படியே எழுதுகிறோம்.

வெளியே போக ஐந்து வழி இருக்கிறது. அன்றைக்குத் திறந்திருந்தது இரண்டு. ஆபீசில் தொங்குகிற சாவிக்கொத்தில் 11 சாவி, ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. தெற்குக் கதவைத் திறக்கச் சரியான சாவியைக் கண்டுபிடிக்க, பதறாமல் நிதானமாக, பகல் வெளிச்சத்தில், மூன்று நிமிஷம் ஆனது. அந்தக் கதவு திறந்தாலும் உள்பக்கமாகத்தான் திறக்கும். கூட்டம் வந்து கதவில் முட்டி நின்றால் யாராலும் உள்ளே இழுக்க முடியாது.

தீயணைப்புச் சிலிண்டர் ஒன்பது. நாலு காலாவதி. ஒன்று ஆபீஸ் கதவு மூடாமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. இன்னொன்று பழைய திருவிழா பேனர்களுக்குப் பின்னால். சமையல்கட்டில் கேஸ் சிலிண்டர் வைத்த இடத்துக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது, கை போகவில்லை. போன ஆடியில் சமையல் அக்காவால் கேஸை அடைக்க முடிந்ததற்குக் காரணம் அன்றைக்கு அரிசி தீர்ந்துபோயிருந்ததுதான் என்று அவரே சொன்னார். அம்மன் காப்பாற்றியது அப்படி.

கேஸைப் பற்றி ஒன்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில், கால்வாயில் போய்த் தங்கும். நம்ம சமையல்கட்டுக் கழுவுகிற தண்ணீர் போகிற கால்வாய் எங்கே போகிறது? மண்டபத்துக்குப் பக்கத்தால், அகல் விளக்கு ஏற்றுகிற மேடைக்குக் கீழே. சிலிண்டரை வெளியே, காற்றோட்டமான இடத்தில், கூண்டு கட்டி வைக்கச் சொல்லிக் கடைக்காரரே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாராம். எங்களுக்குத் தெரியாது.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது, எச்சரிக்கைச் சத்தம். தொழிற்சாலையில் சைரன் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோயிலில் மணி அடிக்கிறது, சங்கு ஊதுகிறது, தவில் முழங்குகிறது, ஒலிபெருக்கியில் பாட்டு போகிறது. எந்தச் சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் எழுந்து வெளியே போவார்கள்? கோயில் மணியை விடாமல் அடித்தால் தீபாராதனை என்று நினைத்து இன்னும் உள்ளே நெருக்குவார்கள்! இதை நாங்கள் ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் வந்த முடிவு: மைக்தான். மேளத்தை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, தெரிந்த குரல் ஒன்று அமைதியாகச் சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பதட்டத்தில் யாருக்கும் வார்த்தை வராது. நாங்கள் எழுதியது இது: "பக்தர்கள் கவனிக்கவும். எல்லாரும் இப்போதே வெளியே போங்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பை எடுக்க நிற்காதீர்கள். வடக்கு வாசல் திறந்திருக்கிறது." அதையே ஒரு தடவை மலாயிலும் சொல்ல வேண்டும். வேற்றினத்து நண்பர்கள் வருகிறார்கள், பூ மாலை கட்டுகிற இடத்தில் வங்காளதேசத் தம்பி ஒருவர் இருக்கிறார்.

செருப்பு என்றதும் சிரிக்காதீர்கள். அன்றைக்குப் பாட்டி விழுந்தது செருப்பில்தான். செருப்பு வைக்கிற தட்டை வாசலுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் பத்தடி தள்ளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தட்டு இருந்தும் நாம் வாசலிலேயே உதறிவிட்டுப் போவது தனிக்கதை.

கருவறையில் இருக்கிற குருக்கள் ஐயாவுக்கு யார் சொல்வது? அவர் உள்ளே, ஒரே ஒரு சின்ன வாசல், சுற்றி விளக்கு, வெளிச்சத்தம் கேட்காது. அர்ச்சனை பாதியில் இருக்கும். இதை அவரிடமே கேட்டோம். "அம்பாளை விட்டுட்டு எப்படி வர்றது?" என்று முதலில் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உற்சவரை எடுத்துண்டு வரலாம், ரெண்டு பேர் ஒத்தாசைக்கு வேணும்" என்றார். அவரைக் கட்டாயப்படுத்த எங்களுக்குத் தகுதி இல்லை. ஆனால் புகை வரும்போது உற்சவரைத் தூக்க இரண்டு பேர் உள்ளே போனால், உள்ளே மாட்டுவது மூன்று உயிர். இதைக் கமிட்டியும் குருக்கள் ஐயாவும் உட்கார்ந்து பேசி முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் நின்று விவாதம் பண்ண முடியாது. எங்கள் கருத்தைக் கேட்டால், ஒரு தொண்டர் போய் ஐயாவைத் தோளில் தொட்டுக் கையோடு கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான். தவறாக இருந்தால் பெரியவர்கள் மன்னிக்கவும்.

ஆள் எண்ணுவது கோயிலில் முடியாது. கார்டு தட்டி யாரும் உள்ளே வருவதில்லை. அதனால் தலையை எண்ணாமல் இடத்தை எண்ண வேண்டும். கழிவறை, சமையல்கட்டு, சாமான் அறை, குருக்கள் ஓய்வெடுக்கிற அறை, மேல்மாடி, நவக்கிரகத்துக்குப் பின்னால். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொண்டர் பெயர். அவர் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "யாரும் இல்லை" என்று வெளியே வந்து சொல்ல வேண்டும். சொல்லாத இடம் எதுவோ அதைப் போம்பாகாரர்களிடம் சொல்ல வேண்டும். நாம் திரும்ப உள்ளே போகக் கூடாது. தேவார வகுப்பு ஆசிரியையிடம் மட்டும் வருகைப் பட்டியல் இருக்கிறது. அதை அவர் இறங்கும்போது கையில் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். நடக்க முடியாத பெரியவர்கள் உட்காருகிற நாற்காலி வரிசை இப்போது மண்டபத்தின் உள்மூலையில் இருக்கிறது, விசிறிக்குக் கீழே என்பதற்காக. அதைச் சாய்வுப் பாதை இருக்கிற வாசல் பக்கம் மாற்றுங்கள், விசிறியையும் மாற்றிக்கொள்ளலாம்.

வெளியே வந்து எங்கே கூடுவது? "தெம்பாட் பெர்கும்புல்" என்ற பச்சைப் பலகை நம்ம கோயிலிலும் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அரச மரத்துக்குப் பக்கத்தில், மேல் கிளை மறைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் கார் நிற்கும். கேட்டுக்கு முன்னால் இரண்டு வரிசையாகவும் கார் நிற்கும். 999 கூப்பிட்டால் போம்பா லோரி வந்துவிடும், ஆனால் எந்த வழியாக உள்ளே வரும்? 2025 ஏப்ரல் ஒன்றாம் தேதி புத்ரா ஹைட்ஸ் கேஸ் குழாய் வெடித்ததே, பெருநாள் லீவு, காலை எட்டு மணிக்கு மேல். ஜனங்கள் உடுத்தின துணியோடு ஓடினார்கள். அந்த நெருப்பைப் படத்தில் பார்த்தபோது நம்மில் எத்தனை பேர் "நம்ம தாமானில் எந்தப் பக்கம் ஓடுவோம்" என்று யோசித்தோம்?

கோயிலில் டிரில் வைப்பது அபசகுனம் என்று ஒரு அக்கா சொன்னார். மனசு வருத்தப்பட்டுத்தான் சொன்னார், கேலியாக இல்லை. அவருக்கு எங்கள் பதில்: கும்பாபிஷேகத்துக்கு முன்னால் பாலாலயம் செய்கிறோம், அம்பாளையே இடம் மாற்றி வைக்கிறோம், அதற்கு முறை இருக்கிறது, நாள் பார்த்துச் செய்கிறோம். ஜனங்களை இடம் மாற்றவும் ஒரு முறை வேண்டாமா? பூஜை நேரத்தில் செய்யச் சொல்லவில்லை. நடை சாத்தின பிறகு, தொண்டர்களும் சமையல்கட்டு ஆட்களும் மட்டும் முதலில் செய்து பார்ப்போம். ஒரு தடவை அறிவித்துவிட்டு. அடுத்த தடவை அறிவிக்காமல். எங்கள் தொழிற்சாலைப் பாரம் மாதிரி இதை ஆக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டாவது தடவையைச் சொல்கிறோம்.

செலவு எவ்வளவு என்று பொருளாளர் அண்ணன் கேட்டார், நியாயமான கேள்வி. சாவிக்குப் பெயர் எழுத ஒன்றும் ஆகாது. அரிசி மூட்டையை நகர்த்த ஒன்றும் ஆகாது. சிலிண்டர் கூண்டு, கதவை வெளிப்பக்கமாகத் திறக்க மாற்றுவது, காலாவதியான நாலு சிலிண்டர், சமையல்கட்டுக்குத் தீப்போர்வை இரண்டு, இதற்குத்தான் பணம் வேண்டும். இதற்கு உபயம் எடுக்க யாரும் முன்வருவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். கதவுத் தாழ்ப்பாளில் "உபயம்: இன்னார் குடும்பத்தார்" என்று எழுத இடமில்லை! இடம் வேண்டுமென்றால் கூண்டில் பெரிதாக எழுதித் தருகிறோம். எங்கள் பக்கத்திலிருந்து தீப்போர்வை இரண்டையும் நாங்களே வாங்கிவிட்டோம், சமையல் அக்காவிடம் கொடுத்து எப்படி இழுத்துப் போடுவது என்றும் காட்டியாகிவிட்டது. அந்தப் பதினேழு வயசுத் தம்பிதான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாதே என்று.

ஆடி முதல் வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, நடை சாத்தியதும், வடக்கு வாசலில் கூடுகிறோம். முக்கால் மணி நேரம்தான் ஆகும். தொழிற்சாலையில், கட்டுமானத்தில், மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் அவசியம் வாங்க, உங்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. போம்பாவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் நம்ம கோயிலுக்கு வருவார் என்று கேள்விப்பட்டோம். அவரைத் தெரிந்தவர்கள் தயவு செய்து கூட்டி வாருங்கள். கமிட்டித் தலைவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பொருளாளர் அண்ணனும் வருகிறார், சாவியோடு.

இன்னொன்று. அந்தக் கொத்தில் 9 சாவிக்குப் பூட்டு கண்டுபிடித்துப் பெயர் எழுதி மாட்டிவிட்டோம். மீதி இரண்டு, ஒன்று பித்தளை, ஒன்று சின்னதாக நீலப் பிளாஸ்டிக் தலை வைத்தது, எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை. பழைய கமிட்டியில் இருந்தவர்கள் யாருக்காவது தெரிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

ஓம் சக்தி.